தெரு, கண்மாய், மலை: மதுரைப் புறநகரைப் படம் எடுக்க முழுமையான வழிகாட்டி

மதுரையில் கேமரா வாங்கியவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை செய்வது ஒன்றுதான். விடியக்காலை வண்டியை எடுத்துக்கொண்டு யானைமலைக்குப் போவார்கள். நானும் போனேன். ஜூன் மாதம், மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒரு காலி மனையில் நின்று, சூரியன் உதிக்க உதிக்க 140 படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எல்லாப் படத்திலும் கருப்பாக ஒரு மேடு, அதற்கு மேல் வெளுத்துப்போன வானம். மலை நகரத்துக்கு வடகிழக்கே இருக்கிறது, காலை வெயில் அதன் முதுகுப் பக்கத்திலிருந்துதான் வரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு என்னோடு வந்த பலரும் இதே இடத்தில் தடுக்கி விழுவதைப் பார்த்தேன். கேமரா தெரியாததால் வந்த வினை இல்லை இது, வரிசை மாறியதால் வந்தது. மலையில் ஆரம்பித்து, அது சரியாக வராமல் சலித்துப்போய், தெருப் பக்கமே வராமல் கேமராவைப் பீரோவில் வைத்துவிடுகிறார்கள். தெருவில் தொடங்கி, கண்மாய்க்குப் போய், கடைசியில் மலைக்கு வாருங்கள். தெருவில் செய்த தப்பை மறுநாள் காலையிலேயே திருத்திக்கொள்ளலாம். மலையோ நல்ல வானமாக மாதத்துக்கு நான்கைந்து நாள் கிடைத்தால் அதிகம்.

1. கையில் இருக்க வேண்டியவை

மூன்று வருடத்துக்குள் வாங்கிய எந்த செல்போனும் போதும். தனி கேமரா இருந்தால் 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு ஜூம் லென்ஸ் இருந்தால் மலைக்கு உதவும், தெருவுக்கு வேண்டாம். தெருவில் நடுவில் நின்று லென்ஸ் மாற்றுகிற ஆளை ஊரே வேடிக்கை பார்க்கும். அதற்குப் பிறகு அங்கே இயல்பான காட்சி எதுவும் மிஞ்சாது.

பழைய பருத்தி வேட்டியில் கிழித்த துண்டு ஒன்று கட்டாயம். செல்போன் லென்ஸில் எப்போதும் விரல் எண்ணெய் படிந்திருக்கும். படத்தில் தெருவிளக்கு கோடுகோடாக இழுத்துக்கொண்டு தெரிவதற்குப் பத்தில் எட்டு முறை அதுதான் காரணம். படம் எடுப்பதற்கு முன் துடைப்பதைக் கைப்பழக்கம் ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஏசி அறையில் தூங்குகிறவர்களுக்கு ஒன்று. குளிர்ந்த லென்ஸை விடியக்காலை ஈரக் காற்றுக்குள் கொண்டுவந்தால் அதன்மேல் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். நல்ல வெளிச்சம் இருக்கும் முதல் இருபது நிமிடம் அதிலேயே போய்விடும். முந்தின இரவே கேமரா பையை ஏசி இல்லாத அறையில், ஹாலில் வைத்துவிட்டுப் படுங்கள்.

தண்ணீர், தொப்பி, ஒரு பாலித்தீன் பை. மதியத்தில் போனை வண்டி டேங்க் கவரில் வைக்காதீர்கள். சூடு ஏறினால் கேமரா தானாக நின்றுவிடும், ஆறுகிற வரைக்கும் திறக்காது.

2. இடம் குறித்தல்: ஒரு தெரு, ஒரு கண்மாய், ஒரு மலை

மூன்றே இடம் தேர்ந்தெடுங்கள். ஆறு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

தெரு, வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கட்டும். திருநகர், வில்லாபுரம், ஆனையூர், ஐயர் பங்களா, ஒத்தக்கடை என்று எந்தப் பகுதியானாலும் பரவாயில்லை. ஒரு டீக்கடை, வாசல் தெளித்துக் கோலம் போடும் வீடுகள், பஸ் நிற்கும் இடம் ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும்.

கண்மாய், வண்டியில் பத்து நிமிடத்துக்குள். மதுரையைச் சுற்றி அதற்குப் பஞ்சமில்லை. வண்டியூர், மாடக்குளம், தென்கால், நிலையூர், சாமநத்தம் என்று எந்தத் திசையில் போனாலும் ஒரு கரை தட்டுப்படும்.

மலைக்கு அரை மணி நேரம் வரை போகலாம். கிழக்கே இருப்பவர்களுக்கு யானைமலை, மேற்கே இருப்பவர்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை, வடக்கே இருப்பவர்களுக்கு அழகர்மலை. வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் இருந்தால் சிறுமலை.

ஏன் இத்தனை கட்டுப்பாடு என்றால், புது இடத்துக்குப் போகும்போது கண் இடத்தைத்தான் பார்க்கும், வெளிச்சத்தைப் பார்க்காது. நான்காவது தடவை போகும்போதுதான் சுவரில் விழும் வேப்பமர நிழல் கண்ணில் படும்.

3. வெயிலின் திசையை முதலில் கணக்குப் போடுங்கள்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நான் வீணடித்த காலைகளில் பாதி இதைக் கணக்கில் எடுக்காமல் போனவை.

மதுரையில் சூரிய உதயம் வருடம் முழுக்கச் சுமார் 6 மணிக்கும் 6.40க்கும் நடுவில்தான் இருக்கும். மே கடைசி, ஜூனில் சீக்கிரம், ஜனவரி கடைசியில் தாமதம். மறைவது சுமார் 5.55க்கும் 6.45க்கும் நடுவில். நேரம் பெரிதாக மாறாது. திசைதான் மாறும். ஜூன் கடைசியில் சூரியன் நேர் கிழக்கிலிருந்து 24 டிகிரி வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர் கடைசியில் அதே அளவு தெற்கே தள்ளி. இரண்டுக்கும் நடுவே 48 டிகிரி. அதாவது ஒரே இடத்தில் நின்றாலும் ஜூனில் மலைக்குப் பின்னால் வரும் சூரியன் டிசம்பரில் மலைக்கு வலப்பக்கம், வெட்ட வெளியில் எழும்பும். நான் ஜூனில் தோற்ற அதே காலி மனையிலிருந்து டிசம்பரில் யானைமலையின் பாறை மடிப்புகள் எல்லாம் பக்கவாட்டு வெயிலில் தெரிந்தன. இடமும் கேமராவும் மாறவில்லை, மாதம்தான் வேறு.

இதை வைத்து ஒரு எளிய கணக்கு. உங்களுக்குக் கிழக்கே இருக்கும் மலைக்கு மாலை வெயில், மேற்கே இருக்கும் மலைக்குக் காலை வெயில். அப்போதுதான் உங்களைப் பார்த்த முகத்தில் வெளிச்சம் விழும். மலையை நிழலுருவமாக மட்டும் எடுக்க ஆசை என்றால் நேரத்தை மாற்றிப் போடுங்கள். வடக்கே இருக்கும் அழகர்மலை, சிறுமலைக்குக் காலையிலும் மாலையிலும் பக்கவாட்டில் வெளிச்சம் கிடைக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அவைதான் சுலபம்.

அடுத்தது, நேரம் எவ்வளவு. உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் பொன் வெளிச்சம் இருக்கும் என்று குளிர்தேசத்து ஆட்கள் எழுதி வைத்திருப்பதை நம்பி வராதீர்கள். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 10 டிகிரிக்குள் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து ஏறாது, ஏறக்குறைய செங்குத்தாக, மணிக்குக் கிட்டத்தட்ட 15 டிகிரி ஏறும். நாற்பது நிமிடத்தில் இதமான வெளிச்சம் முடிந்துவிடும். 6.20க்கு உதயம் என்றால் 7 மணிக்குக் கடை கட்டலாம். 6 மணிக்கெல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாக வேண்டும்.

நடுப்பகலைப் பற்றி: ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சி வெயில் நேர் தலைக்கு மேலே நிற்கும். நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆள் முகத்தில் கண்குழி இரண்டும் கருத்துப் போகும். அந்த நேரத்தில் வெட்டவெளியை விட்டுவிட்டு, தகரக் கொட்டகைக்குள், திண்ணையில், புளியமரத்தடியில் படம் தேடுங்கள். எதிரே வெயில் பட்ட தரையிலிருந்து திரும்பி வரும் வெளிச்சம் கொட்டகைக்குள் மெதுவாகப் பரவியிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் காசு கொடுத்து வாங்குகிற வெளிச்சம் அது.

4. கேமரா இல்லாமல் ஒரு சுற்று

படம் எடுக்கப் போகும் நாளுக்கு முந்தின நாள், கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ஒரு முறை நடங்கள். காலை 11 மணிக்குப் போனாலும் சரி. நல்ல வெளிச்சம் இல்லாத நேரத்தில் போவதே மேல், ஏனென்றால் வெளிச்சத்தில் மயங்காமல் எங்கே நிற்பது என்று மட்டும் பார்ப்பீர்கள்.

மூன்று விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். எங்கே நிற்பேன், பின்னால் என்ன வரும், எது இடைஞ்சல். மின்கம்பி, ஃபிளெக்ஸ் பேனர், டிரான்ஸ்ஃபார்மர், செல்போன் டவர் எல்லாம் இந்த மூன்றாவதில் வரும். புதியவர்கள் கம்பியைப் படத்தில்தான் முதல் முறையாகப் பார்க்கிறார்கள். நேரில் மூளை அதை அழித்துவிடுகிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள், கம்பி தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் பெரும்பாலும் அது வேப்பங்கிளைக்குப் பின்னால் போய்விடும். போகவில்லையென்றால் அதையும் சேர்த்து ஒழுங்காக ஃபிரேமுக்குள் கொண்டுவாருங்கள். புறநகர் என்றால் கம்பி இருக்கத்தான் செய்யும்.

5. செட்டிங்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்

இடத்தில் போய் மெனுவைத் துழாவினால் காட்சி போய்விடும்.

செல்போனில்: கட்டக் கோடுகளை ஆன் செய்யுங்கள், தொடுவானம் சாயாமல் இருக்க. ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். 1 எக்ஸ் கேமராவையே பயன்படுத்துங்கள். 0.5 எக்ஸ் பக்கம் போகவே வேண்டாம், அது மலையைக் குன்றாக்கிக் குன்றைக் கல்லாக்கிவிடும். வெளிச்சத்தைப் பூட்டப் பழகுங்கள்: திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் படம் இருளும். நம் ஊர் வெயிலில் மேலே இழுக்க வேண்டிய தேவை அபூர்வம்.

கேமராவில்: அபெர்ச்சர் (லென்ஸ் துளை) முறையில் எஃப் 8, ஐஎஸ்ஓ (ஒளி உணரும் திறன்) ஆட்டோவில் 3200 வரை, ஷட்டர் வேகம் குறைந்தது 1/250 வினாடி. நடக்கிற ஆள் கலங்காமல் நிற்க அது போதும். சைக்கிள், ஆட்டோ என்றால் 1/500. பறக்கும் கொக்குக்கு 1/1000க்கு மேல். ரா கோப்பாகவும் (கேமரா எதையும் திருத்தாமல் அப்படியே தருவது) ஜேபெக்காகவும் சேர்த்துச் சேமியுங்கள். வெளுத்த இடம் மின்னிக் காட்டும் எச்சரிக்கையை ஆன் செய்யுங்கள். வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் நிறைந்த ஊரில் இது இல்லாமல் முடியாது. ஒருமுறை வெளுத்துப்போன வேட்டியில் மடிப்பை எந்த சாஃப்ட்வேரும் திரும்பக் கொண்டுவராது.

கடைசியாக, கார்டு கேமராவுக்குள் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். என் கார்டு ஒருமுறை லேப்டாப்பிலேயே இருந்தது. நான் சாமநத்தம் கரையில் இருந்தேன்.

6. தெரு: கோலமும் டீயும்

முதல் மாதம் முழுக்க இந்த இரண்டை மட்டும் எடுங்கள். மற்றதெல்லாம் தானாக வரும்.

கோலம். வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடிக்கும்போது தரை ஈரமாக, கருப்பாக இருக்கும். மாவு வெள்ளையாக இருக்கும். கேமரா அந்தக் கருப்புத் தரையைப் பார்த்து ஏமாந்து படத்தை வெளிச்சமாக்கும், கோலம் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். எனவே வெளிச்சத்தைக் குறையுங்கள், கேமராவின் எக்ஸ்போஷர் அளவில் கழித்தல் 1 வரைக்கும்கூட. பெரும்பாலோர் செய்யும் இன்னொரு தப்பு, நேர் மேலே நின்று எடுப்பது. கோலப் புத்தகத்தில் வருவது போல இருக்கும், தெரு இருக்காது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, வெயில் எதிரே சாய்வாக வரும் பக்கமாகப் பாருங்கள். மாவின் ஒவ்வொரு துளிக்கும் ஒரு சின்ன நிழல் விழுந்திருக்கும். விரல் இடைவெளியில் மாவு கொஞ்சம் கூடுதலாக விழுந்த இடம், இழை திரும்பும் இடத்தில் கை தயங்கியது, எல்லாம் தெரியும். பின்னணியில் வாசற்படி, பால் கவர், அணைந்துகொண்டிருக்கும் தெருவிளக்கு. இதற்கு நேரம் மிகக் குறைவு. 8 மணிக்குள் ஏதாவது ஒரு ஸ்கூட்டர் அதன்மேல் ஏறிப் போய்விடும். (அதுவும் நல்ல படம்தான், டயர் தடத்தோடு.)

டீ. மாஸ்டர் டீ ஆற்றும்போது எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆவி தெரிய வேண்டுமென்றால் இரண்டு நிபந்தனை: வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், அதற்கும் பின்னால் இருட்டான ஏதாவது இருக்க வேண்டும். கடைக்கு முன்னால், கஸ்டமர் நிற்கும் இடத்தில் நின்றால் இரண்டும் அமையாது. பக்கவாட்டில், பாய்லருக்கு அந்தப்புறம் போய், கடையின் இருட்டு மூலையைப் பின்னணியாக வையுங்கள். வெளியிலிருந்து வரும் காலை வெளிச்சம் ஆவியில் பட்டு வெள்ளையாக எழும்பும்.

டியூப் லைட், எல்இடி பல்புக்கு அடியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கருப்புக் கோடு விழும். கேமரா கெட்டுப்போய்விட்டது என்று பயந்து சர்வீஸுக்குக் கொண்டுபோனவர் எனக்குத் தெரியும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை சிமிட்டுகிறது. ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் சிமிட்டலோடு ஒத்துப்போகும், பட்டை போய்விடும். 1/50இல் டீ ஒரே நாடாவாக இறங்கும், அதுவே அழகு. 1/500 வைத்து உடைந்த துளிகளாக எடுக்க ஆசை இருந்தால் வெளியே வெயிலில் ஆற்றும் கடையாகத் தேடிக்கொள்ளுங்கள்.

படம் எடுக்கும் முன் ஒரு டீ குடியுங்கள். குடித்து முடிப்பதற்குள் மாஸ்டரின் கை எந்த உயரம் வரை போகிறது, எத்தனை தடவை ஆற்றுகிறார் என்று தெரிந்துவிடும். எங்கள் தெருக்கடையில் மூன்று ஆற்று, நான்காவது சின்னது. உச்சிக்குப் போவது இரண்டாவதில். அது தெரியாமல் முப்பது படம் அடிப்பதைவிடத் தெரிந்து இரண்டு எடுப்பது மேல்.

7. ஆட்களிடம் பேசுவது

ஒளிந்து நின்று ஜூம் போட்டு எடுக்காதீர்கள். புறநகர்த் தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒளிகிறவனை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதல் நாள் என்னைப் பார்த்து ஒரு அக்கா கேட்டது:

"தம்பி, என்னத்த எடுக்குறீக? கார்ப்பரேஷன்லருந்து வந்திருக்கீகளா?"

"இல்லக்கா, அடுத்த தெருதான். கோலத்த ஒரு படம் எடுத்துக்கிறேன்."

"கோலத்தயா? இருங்க, அந்தச் செருப்ப எடுத்துப் போட்டுர்றேன்."

நாம் எடுக்க நினைத்த படமே அந்தச் செருப்பும் சேர்ந்ததுதான். "கெடக்கட்டும்க்கா" என்று சொல்லிவிட்டு எடுங்கள். எடுத்ததும் திரையைக் காட்டுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் உங்களுக்கு அனுமதிச் சீட்டு தேவைப்படாது.

குழந்தைகளை, பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோது எடுக்கவே கூடாது. குழாயடியில், கண்மாய்ப் படித்துறையில் குளிக்கிறவர்கள், துவைக்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். வேண்டாம் என்று ஒருவர் தலையாட்டினால் அழித்துக் காட்டிவிட்டு நகருங்கள், விளக்கம் கொடுத்துக்கொண்டு நிற்காதீர்கள்.

8. கண்மாய்

வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை தண்ணீரும் பறவையும் இருக்கும். கோடையில் வெடித்த மண், மேயும் மாடு, கிரிக்கெட் விளையாடும் பையன்கள். இரண்டுமே படம்தான், ஆனால் எதற்குப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

பிரதிபலிப்பு விழுந்த தண்ணீர் வேண்டுமென்றால் காற்று எழும்புவதற்கு முன் போக வேண்டும். பெரும்பாலான நாட்களில் 7 மணிக்குள். ஆடிக் காற்றில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். போலரைசர் ஃபில்டர் வாங்கியவர்கள் அதைக் கழற்றி வையுங்கள். தண்ணீர் மேல் இருக்கும் பிரதிபலிப்பை அழிப்பதுதான் அதன் வேலையே. பிரதிபலிப்பை எடுக்க வந்துவிட்டு அதை மாட்டிக்கொண்டு, ஏன் தெரியவில்லை என்று நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கரையின் மேல் நின்று எடுத்தால் தண்ணீர் பாதி, வானம் பாதி, நடுவில் ஒன்றும் இருக்காது. கீழே இறங்குங்கள். மடைக்குப் பக்கத்தில், உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்குக் கல்லுக்குப் பக்கத்தில் கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே பிடியுங்கள். முன்னால் ஒரு கல், நடுவில் ஒரு கொக்கு, பின்னால் பனைமர வரிசை. இந்த மூன்று அடுக்கும் வந்துவிட்டால் கண்மாயின் அகலம் படத்தில் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் பிரதிபலிப்பு கிடைக்காது, ஆனால் அந்தப் பச்சைக்கு நடுவே வெள்ளைக் கொக்கு நன்றாக நிற்கும். அங்கேயும் வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள், கொக்கின் இறகு வெளுக்கக் கூடாது.

இறங்கும் இடத்தில் குச்சியால் குத்திப் பாருங்கள். மேலே காய்ந்து பொருக்கு தட்டியிருக்கும் வண்டல், கீழே முழங்கால் வரை இழுக்கும். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துவிடும், ஷூ போட்டுப் போங்கள்.

கண்மாய் வற்றிய மாதங்களில் பிரதிபலிப்பு பழக நினைத்தால் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கும்போது போங்கள். நான்கு பக்கமும் நடக்கலாம், மைய மண்டபத்தைச் சுற்றி வெளிச்சம் மாறுவதை ஒரே மாலையில் பார்த்துவிடலாம். வைகை மணலைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. தூசி லென்ஸுக்குள் போகும், அங்கே படத்தைக் கட்டி நிறுத்த எதுவும் இல்லை.

9. மலை

இப்போது மலைக்குப் போகலாம். ஒரு தந்திரம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது: பின்னால் போய் ஜூம் செய்யுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 2 கிலோமீட்டர் தள்ளி மலை, 20 மீட்டர் தள்ளி ஒரு தென்னை. இங்கிருந்து எடுத்தால் தென்னை பிரம்மாண்டமாகவும் மலை அதன் காலடியில் சின்னதாகவும் வரும். அங்கிருந்து 180 மீட்டர் பின்னால் போங்கள். தென்னை 200 மீட்டர் தூரத்துக்குப் போய்ப் பத்தில் ஒரு பங்காகச் சிறுத்துவிடும். மலையோ 2,000 மீட்டரிலிருந்து 2,180 மீட்டர்தான், மாற்றமே தெரியாது. இப்போது ஜூம் செய்தால் தென்னைக்குப் பின்னால் மலை மதில் மாதிரி எழும்பி நிற்கும். மலையைப் பெரிதாகக் காட்ட நினைத்து அடிவாரத்துக்கே போகிறவர்கள் பாறையைத்தான் எடுத்துவருகிறார்கள். யானைமலையில் இது ரொம்பவே உண்மை: அடிவாரத்து ஒத்தக்கடைக்குள் நின்றால் பாறைச் சுவர், தள்ளி நின்றால்தான் படுத்திருக்கும் யானை.

முன்னால் என்ன வைப்பது என்பதற்கு மாதம் பார்த்து முடிவெடுங்கள். சோழவந்தான் பக்கம் நாற்று நட்ட வயலில் தண்ணீர் நிற்கும்போது வடக்கே பார்த்தால் சிறுமலையும் அதன் தலைகீழ் நிழலும் சேர்ந்து கிடைக்கும். அறுப்பு முடிந்துவிட்டால் வைக்கோல் போர். எதுவுமே இல்லாத மாதத்தில் தண்ணீர்த் தொட்டி, பஸ் நிழற்குடை, மாடியில் காயும் துணி. தெருவில் ஒரு மாதம் பழகிய கண்ணுக்கு இவை தெரியும். மலையில் தொடங்கியவருக்கு இதெல்லாம் இடைஞ்சலாகத்தான் படும்.

மேலேறி எடுக்க வேண்டுமென்றால் சமணர் மலை. ஐயனார் கோயிலும் தாமரைக் குளமும் அடிவாரத்திலேயே இருப்பதால் மலை சரியாக வராவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டீர்கள். மேலிருந்து பார்த்தால் நாகமலை நீளமாகக் கிடப்பது தெரியும். 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை காய்ந்துவிடும். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், ட்ரைபாட் விரிக்க அனுமதி கேட்பார்கள். கையில் பிடித்தே எடுங்கள். சிற்பங்களைத் தண்ணீர் ஊற்றித் துடைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

அழகர்மலை காப்புக் காடு. பாதையை விட்டு உள்ளே போகக் கூடாது. குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கும், தின்பண்டம் கொண்டுபோகாதீர்கள்.

மேலூர் பக்கம் இருக்கும் அரிட்டாபட்டிக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு போன்றவை பாறை இடுக்குகளில் வாழ்கின்றன. கூட்டுக்குப் பக்கத்தில் ஏறினால் தாய்ப்பறவை கூட்டை விட்டு எழுந்துவிடும், முட்டை வெயிலில் கிடக்கும். கீழே இருந்தே எடுங்கள், வரும் அளவுக்கு வரட்டும். டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்கு எதிராகத் திரண்டு, 2025 ஜனவரியில் அது ரத்தாகும் வரை ஓயாதவர்கள் அந்த ஊர்க்காரர்கள். கேமராவோடு வரும் புது ஆளை யார், எதற்கு என்று கேட்டால் நின்று பதில் சொல்லுங்கள்.

ட்ரோன் ஆசை இருந்தால் எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் திறந்து பாருங்கள். விமான நிலையம் தெற்கே இருப்பதால் அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் பறக்கவிடும் யோசனையே வேண்டாம்.

10. வீடு திரும்பியதும்

அன்றைக்கே எடிட் செய்ய உட்காராதீர்கள். விடியக்காலை எழுந்த அலுப்பும் குளிரும் சேர்ந்து எல்லாப் படத்தையும் நல்ல படமாகக் காட்டும். இரண்டு இடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திறங்கள். நூற்றுக்கு ஐந்து மிஞ்சினால் நல்ல நாள்.

எடிட் வரிசை: முதலில் தொடுவானத்தை நேராக்குங்கள், பிறகு ஓரத்தை வெட்டுங்கள், பிறகு வெளுத்த இடத்தைக் குறையுங்கள், நிழலைக் கொஞ்சம் தூக்குங்கள். நிறத்தைக் கடைசியில் தொடுங்கள், தொடாமல் விட்டால் இன்னும் நல்லது. நிறத்தில் தொடங்கினால் வெளிச்சத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் நிறமும் மாறும், திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டே போவீர்கள். வயல் பெயிண்ட் டப்பா மாதிரி ஆவது அப்படித்தான். மாசி, பங்குனியில் நம் மலைகள் காய்ந்து பழுப்பாகத்தான் இருக்கும். பழுப்பாகவே விடுங்கள்.

பகிர்வதற்கு முன் படத்தில் ஒட்டியிருக்கும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். பறவைக் கூட்டுக்கும் ஆட்களின் வீட்டு வாசலுக்கும் இது கட்டாயம்.

ஒவ்வொரு மாதமும் ஒரே ஒரு வேலை மிச்சம். படத்தில் இருப்பவர்களுக்கு 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். கடையில் மேட் பேப்பர் என்று கேளுங்கள், பளபளப்புத் தாள் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை வெட்ட வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் மெஷின் அளவுக்குப் பொருத்தக் கோலத்தின் ஒரு இழையை நறுக்கிவிடுவார்கள். அந்த அக்காவிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நான் அப்பவே அந்தச் செருப்ப எடுத்துருப்பேன்ல, தம்பி."